எந்தச் சிகிச்சைக்கு அரசுப் பணம்? முடிவெடுக்கும் வழிகளை ஒப்பிட்டால்

ஒரு நாட்டின் சுகாதாரத் துறைக்கு அடுத்த ஆண்டு கூடுதலாக ஒரு தொகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கேட்டு மூன்று கோப்புகள் காத்திருக்கின்றன. ஒன்று, முற்றிய புற்றுநோயில் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிக்கும் புதிய மருந்து. இன்னொன்று, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இலவச டயாலிசிஸ். மூன்றாவது, அறிகுறி தெரிவதற்கு முன்பே குடல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைத் திட்டம். மூன்றுக்கும் பணம் போதாது. எதை வைத்து முடிவெடுப்பது?

சுகாதாரப் பொருளாதாரம் என்ற துறை இந்தக் கேள்விக்காகத்தான் இருக்கிறது. பேச்சை ஆரம்பித்தவுடனே “உயிருக்கு விலை போடுவதா?” என்று கேட்பார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்குப் போடாமல் விட்டால் விலை காணாமல் போய்விடுவதில்லை. யாரோ ஒருவர் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார். அவர் யார் என்று மட்டும் நமக்குத் தெரியாது. நாடுகள் கையாளும் வழிகள் பல. என் அளவுகோல் இதுதான்: ஒரு சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கும்போது, அதனால் எதை இழக்கப்போகிறார் என்றே அறியாத இன்னொரு நோயாளியை எந்த வழி கணக்கில் எடுக்கிறது?

முதல் வழி, வழி என்றே சொல்லப்படாத வழி. முறை எதுவும் கிடையாது. அமைச்சரின் விருப்பம், பெரிய மருத்துவமனைகளின் செல்வாக்கு, நிறுவனங்களின் விளம்பரம், நீதிமன்ற உத்தரவு, ஊடகத்தில் வந்த ஒரு குழந்தையின் முகம், இவை முடிவு செய்யும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்கிற கதை. அழத் தெம்பில்லாதவர்களும், தங்களுக்கு என்ன நோய் என்றே தெரியாதவர்களும் வரிசையில் சேர்வதே இல்லை. மறுக்கிறோம் என்று யாரும் அவர்களிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை. மருந்து இருப்பில் இல்லை, அடுத்த தேதி ஆறு மாதம் கழித்து, மருத்துவர் இன்று விடுப்பு என்று அது நடந்துவிடும். பிரிட்டன் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-லேயே இதைப் பற்றி எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்ற அவருடைய கருத்துக்கு ‘தலைகீழ் பராமரிப்பு விதி’ என்று பெயர். முறை இல்லாத இடத்தில் இந்த விதி தங்குதடையின்றி வேலை செய்யும்.

அடுத்தது கட்டணம். இலவசம் என்றால் எல்லோரும் தேவையில்லாமல் வருவார்கள், கொஞ்சமாவது காசு வாங்கினால் நிஜமாகத் தேவைப்பட்டவர்கள் மட்டும் வருவார்கள் என்பது இதன் தர்க்கம். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1970-களில் தொடங்கிய பெரிய சோதனையில் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் சேர்த்தார்கள். சிலருக்கு முழு இலவசம், சிலர் கையிலிருந்து ஒரு பங்கு தரவேண்டும். பங்கு தரவேண்டியவர்கள் மருத்துவம் பார்ப்பதைக் குறைத்தார்கள், உண்மைதான். ஆனால் தேவையற்றதை எவ்வளவு குறைத்தார்களோ, ஏறத்தாழ அதே அளவுக்குத் தேவையானதையும் குறைத்தார்கள். ஏழைகளில் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இலவசத் திட்டத்தில்தான் நன்றாக இருந்தார்கள்.

கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுத்துப் பார்த்த ஆய்வு இன்னும் தெளிவானது. ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் டூபாஸும் 2010-ல் வெளியிட்டது. வலை இலவசமாக இருந்ததிலிருந்து 60 அமெரிக்க சென்ட் விலை ஆனபோது, வாங்கியவர்களின் பங்கு 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அதை அதிகமாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. கட்டணம் தேவையை அளப்பதில்லை, பையில் இருப்பதை அளக்கிறது. தடுப்பு மருத்துவத்துக்கும் நாட்பட்ட நோய்க்கும் இந்த வழியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது வழியில்தான் பொருளாதார ஆராய்ச்சி நேரடியாக மேசைக்கு வருகிறது. இந்தச் சிகிச்சையால் ஒருவருக்குக் கிடைக்கும் கூடுதல் ஆயுள் எவ்வளவு, அந்த ஆயுள் எவ்வளவு நலமானது என்று இரண்டையும் சேர்த்து ஒரே அலகாக அளப்பார்கள். தரம் கணக்கிட்ட ஆயுள் ஆண்டு என்பது அதன் பெயர். துறைக்காரர்கள் சுருக்கமாகக் ‘குவாலி’ என்பார்கள். முழு ஆரோக்கியத்தோடு ஓராண்டு வாழ்ந்தால் ஒரு குவாலி. பாதி நலத்தோடு இரண்டு ஆண்டு வாழ்ந்தாலும் ஒரு குவாலிதான். அப்புறம், ஒரு குவாலி பெற எவ்வளவு செலவு என்று பார்த்து, ஒரு வரம்புக்குள் வந்தால் சரி, தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்வது அல்லது மறுப்பது.

அரசுப் பட்டியலில் மருந்து சேர வேண்டுமென்றால் பொருளாதாரச் சான்று கட்டாயம் என்று 1993-ல் முதலில் வைத்த நாடு ஆஸ்திரேலியா. எந்தச் சிகிச்சைக்கு அரசுப் பணம் தரலாம் என்று பரிந்துரைக்க இங்கிலாந்தில் 1999-ல் தொடங்கிய நைஸ் அமைப்பு இதை உலகறியச் செய்தது. பல ஆண்டுகளாக அதன் வரம்பு ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டாக இருந்தது. மருந்து நிறுவனம் தன் கணக்கைத் தரும். பல்கலைக்கழகக் குழு ஒன்று அதைப் பிரித்து மேய்ந்து குறை சொல்லும். முடிவெடுக்கும் நைஸ் குழுவின் விவாதமும் முடிவுக்கான காரணமும் வெளியிடப்படும். நைஸ் சரி என்று பரிந்துரைத்த மருந்துக்குப் பொதுச் சுகாதார சேவை பணம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்பது சட்டக் கட்டாயம்.

இந்தக் கட்டாயத்துக்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. பட்ஜெட் அப்படியே இருக்கும்போது புது மருந்துக்குப் போகும் பணம் வேறொரு இடத்திலிருந்து வருகிறது. ஒரு வார்டில் செவிலியர் பணியிடம் நிரப்பப்படாமல் போகலாம். மனநலச் சேவை சுருங்கலாம். அந்த இழப்பு எவ்வளவு என்று யார்க் பல்கலைக்கழகத்தில் கார்ல் கிளாக்ஸ்டன் தலைமையிலான குழு அளந்து 2015-ல் முழு அறிக்கையாக வெளியிட்டது. இங்கிலாந்தின் சுகாதார சேவை ஏற்கெனவே செய்துவரும் வேலையில் சுமார் 12,936 பவுண்டுக்கு ஒரு குவாலி கிடைக்கிறது என்பது அவர்கள் மதிப்பீடு.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த வரம்பின் மேல் விளிம்பான 30,000 பவுண்டுக்கு ஒரு மருந்தை ஏற்றால், அதை வாங்கும் நோயாளிக்கு ஒரு நலமான ஆண்டு கிடைக்கிறது. அதே 30,000 பவுண்டு வேறு இடத்தில் இரண்டேகால் ஆண்டுக்கு மேல் கொடுத்திருக்கும். ஆக, ஒரு ஆண்டைக் கொடுத்து இரண்டுக்கு மேல் எடுக்கிறோம். ஆண்டைப் பெற்றவருக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, நன்றி சொல்வார். இழந்தவர் தான் எதையாவது இழந்தோம் என்றே அறியமாட்டார். சுகாதாரப் பொருளாதாரம் கொள்கைக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி இந்த முகமற்ற நோயாளியைக் கணக்கில் உட்காரவைப்பதுதான் என்று நான் நம்புகிறேன். இதைச் செயல்திறனுக்கான கணக்கு என்று மட்டும் பார்ப்பது தவறு. இது நியாயத்துக்கான கணக்கும்தான்.

ஆனால் வரம்பை மட்டும் வைத்து ஓட்டினால் சிக்கல் வரும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1990-ல் ஏழைகளுக்கான காப்பீட்டில் எதைச் சேர்ப்பது என்று நூற்றுக்கணக்கான சிகிச்சைகளைச் செலவுக்கும் பலனுக்குமான விகிதப்படி வரிசைப்படுத்தியது. கணினி கொடுத்த முதல் பட்டியலில், பல்லுக்கு உறை போடுவது கருக்குழாய்க் கர்ப்பத்துக்கான அறுவைச் சிகிச்சைக்கு மேலே நின்றது. அறுவை செய்யாவிட்டால் அந்தப் பெண் இறந்துபோகலாம். ஆனால் ஒரு அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் பணத்தில் நூறு பேருக்கு மேல் பல் உறை போடலாம் என்பதால் கூட்டுத்தொகை அந்தப் பக்கம் சாய்ந்தது. மக்கள் கொதித்தார்கள். பட்டியலைத் திருத்தினார்கள். எனக்கு இதில் தெரிவது, நூறு சின்ன நன்மைகளைக் கூட்டி ஒரு உயிரோடு நிறுத்துப் பார்க்க மனிதர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பது. அந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. அதுவும் ஒரு சான்று.

மாற்றுத்திறனாளிகள் எழுப்பும் ஆட்சேபம் அதைவிட ஆழமானது. முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டவரின் அன்றாட நலத்தை 0.6 என்று குறித்துக்கொண்டால், அவர் உயிரைப் பத்து ஆண்டு காப்பாற்றும் மருந்து ஆறு குவாலி மட்டுமே தரும். அதே மருந்து வேறொருவருக்கு முழுதாகப் பத்து தரும். இருவருக்கும் வாழ ஒரே ஆசைதான். இதனால்தான் 2010-ல் வந்த அமெரிக்கச் சட்டம் முதியோர் காப்பீட்டில் குவாலி வரம்பைப் பயன்படுத்தக் கூடாது என்றது. ஆட்சேபம் சரி, தீர்வு சரியில்லை. நீட்டிக்கப்பட்ட ஆயுளை எல்லோருக்கும் ஒரே மதிப்பில் எண்ணும் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். கணக்கையே தடை செய்தால் மறுபடி முதல் வழிக்குத்தான் போய்ச் சேர்வோம்.

இன்னொன்று, குவாலிக்கு மலிவாக இருப்பது வேறு, வாங்க முடிவது வேறு. ஹெபடைடிஸ் சி நோயைக் குணப்படுத்தும் சோபோஸ்புவிர் 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது ஒருவருக்கான முழுச் சிகிச்சையின் பட்டியல் விலை 84,000 டாலர். குணமாகும் வாய்ப்பு அவ்வளவு அதிகம் என்பதால் பல ஆய்வுகளில் அது செலவுக்கேற்ற பலன் தருவதாகவே தேறியது. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஆண்டில் கொடுத்தால் பட்ஜெட் தாங்காது. இங்கிலாந்தே அதைத் தவணை முறையில்தான் விரிவாக்கியது. மொத்தச் செலவைத் தனியாகப் பார்க்கும் சோதனையை நைஸ் 2017-ல் கொண்டுவந்ததற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள்தான் பின்னணி.

வரம்பு எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு தவறான பழக்கம் பரவியது. தனிநபர் வருமானத்தின் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை ஏற்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட அளவை ஏழை நாடுகளுக்கான ஆய்வுகள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாண்டன. பின்னாளில் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே அதை முடிவெடுக்கும் விதியாகக் கொள்ளக் கூடாது என்று எழுதினார்கள். மூன்று மடங்கு என்பது கையில் இல்லாத பணத்துக்குப் போடும் கணக்கு.

நான்காவது வழி, நோயின் தீவிரத்துக்குக் கூடுதல் எடை தருவது. நார்வே பலன், செலவு, தீவிரம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது. நெதர்லாந்தில் நோயின் சுமை கூடக் கூட வரம்பு 20,000, 50,000, 80,000 யூரோ என்று ஏறும். இங்கிலாந்தும் 2022 முதல் மிகத் தீவிரமான நோய்களில் கிடைக்கும் குவாலியை 1.2 அல்லது 1.7 ஆல் பெருக்குகிறது. அதிகம் இழப்பவருக்கு முதலில் உதவ வேண்டும் என்ற மனித உணர்வுக்கு இது பதில் சொல்கிறது. ஓரிகனில் விட்டுப்போனது இதுதான். ஆனாலும் 1.7 எடை என்றால், 30,000 பவுண்டு வரம்பில் ஒரு குவாலிக்கு 51,000 பவுண்டு வரை கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். யார்க் குழுவின் மதிப்பீட்டை மறுபடி பக்கத்தில் வைத்தால், வேறு எங்கோ ஏறத்தாழ நான்கு ஆண்டு இழப்பு. இழப்பவர்களிலும் தீவிர நோயாளிகள் இருக்கலாம், ஆனால் அவர்களுக்கு எடை போட யாரும் இல்லை. தீவிர நோயாளிகளிலேயே ஏழை யார், வசதியானவர் யார் என்றும் இந்த எடைக்குத் தெரியாது.

ஜெர்மனியின் வழி தனி. அங்கே குவாலியும் இல்லை, வரம்பும் இல்லை. 2011 முதல் புது மருந்து ஒவ்வொன்றையும் ஏற்கெனவே இருக்கும் சிறந்த சிகிச்சையோடு ஒப்பிட்டு, கூடுதல் பலன் எவ்வளவு என்று தரம் பிரித்து, அதை வைத்து விலை பேசுகிறார்கள். பணக்கார நாட்டுக்கு, வலுவான காப்பீட்டு நிதிகள் பேரம் பேசும் இடத்துக்கு இது ஒத்துவரும். டயாலிசிஸையும் பரிசோதனைத் திட்டத்தையும் எதிரெதிரே வைத்துத் தேர்வு செய்ய இது உதவாது.

ஐந்தாவது வழியைத்தான் இந்தத் துறையின் சமீபத்திய நல்ல வேலை என்பேன். பலன் எவ்வளவு என்பதோடு, யாருக்குப் போகிறது என்றும் பிரித்துக் காட்டும் பகிர்வுக் கணக்கு. யார்க் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் குக்சன், சூசன் கிரிஃபின், மிக்டாட் அசாரியா ஆகியோர் இதை இங்கிலாந்தின் குடல் புற்றுநோய்ப் பரிசோதனையில் செய்து காட்டினார்கள். பரிசோதனைப் பெட்டி வீட்டுக்கே வரும், மாதிரியை எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும், காசு கிடையாது. அப்படியும் ஏழைப் பகுதிகளில் திருப்பி அனுப்பியவர்கள் குறைவு. அதாவது, இலவசத் திட்டமே வசதியானவர்களுக்குக் கூடுதல் ஆயுளைத் தந்தது. சரி, நினைவூட்டல் அனுப்பலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்புவதா, இல்லை அதே முயற்சியைப் பின்தங்கிய பகுதிகளில் மட்டும் குவித்துக் கூடுதல் கவனத்தோடு செய்வதா? எல்லோருக்கும் அனுப்பினால் மொத்த ஆயுள் லாபம் அதிகம். குறிவைத்து அனுப்பினால் மொத்தம் கொஞ்சம் குறையும், இடைவெளி சுருங்கும்.

சராசரி மட்டும் தெரிந்திருந்தால் இங்கே ஒரு கேள்வி இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. பகிர்வுக் கணக்கு எது சரி என்று தீர்ப்புச் சொல்வதில்லை. இடைவெளியைக் குறைக்க மொத்தத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று நம்மையே கேட்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது மக்களும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களும்தான்.

இதன் இன்னொரு கிளை, சிகிச்சையால் குடும்பம் கடனாளி ஆகாமல் காக்கப்படுவதையும் ஒரு பலனாக எண்ணுகிறது. தாய்லாந்தின் டயாலிசிஸ் முடிவு இதற்கு நல்ல உதாரணம். 2002-ல் அந்நாடு எல்லோருக்கும் மருத்துவப் பாதுகாப்பு கொண்டுவந்தபோது டயாலிசிஸ் அதில் இல்லை. குவாலிக்கு ஆகும் செலவு மிக அதிகம் என்பதுதான் காரணம். 2007-ல் வெளியான ஆய்வும் அதையே சொன்னது. வயிற்றுக்குள் திரவம் செலுத்திச் செய்யும் டயாலிசிஸ் ஆனாலும் சரி, இயந்திர டயாலிசிஸ் ஆனாலும் சரி, வழக்கமான வரம்புக்குள் வரவில்லை. ஆனால் இரண்டில் முதலாவது மேல் என்பதும் தெரிந்தது. மறுபக்கம், அரசு ஊழியர்களுக்கும் சமூகப் பாதுகாப்பில் இருந்த தொழிலாளர்களுக்கும் டயாலிசிஸ் கிடைத்தது. மீதிப் பேர் நிலத்தையும் வீட்டையும் விற்றுச் செய்துகொண்டார்கள், அல்லது செய்யாமல் இறந்தார்கள்.

2008-ல் அரசு டயாலிசிஸைச் சேர்த்தது. கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டுச் சேர்க்கவில்லை. வயிற்று வழி டயாலிசிஸ்தான் முதல் தேர்வு என்று வைத்தது. அதை நோயாளி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பொதுவாக ஒரு நாளைக்கு நான்கு முறை பழைய திரவத்தை வடித்துப் புதுப் பை மாற்ற வேண்டும். இயந்திர மையத்துக்கு வாரம் இரண்டு மூன்று தடவை பயணம் போகவேண்டியதில்லை, நகரத்தை விட்டுத் தள்ளி இருப்பவருக்கு அது பெரிய விஷயம். வரம்பு ‘வேண்டாம்’ என்றது, நியாயம் ‘வேண்டும்’ என்றது, ஆராய்ச்சி ‘இப்படிச் செய்தால் தாங்கும்’ என்று வழி காட்டியது. எந்த முறையை விரும்புகிறார்களோ அதை நோயாளிகளே தேர்ந்தெடுக்கலாம் என்று 2022-ல் விதியைத் தளர்த்தியதும் இயந்திர டயாலிசிஸ் வேகமாகக் கூடி, செலவும் கூடியது.

ஆகவே என் தேர்வு, வரம்பில் தொடங்கி பகிர்வில் முடிவது. குவாலி கணக்கை முதலில் போட வேண்டும். வரம்பு, நாட்டின் சுகாதார சேவை இப்போது எந்தச் செலவில் ஒரு நலமான ஆண்டைத் தருகிறது என்பதிலிருந்து வர வேண்டும். பெரும்பாலும் நாம் விரும்புவதைவிடத் தாழ்வாகத்தான் வரும், அதை ஏற்க வேண்டும். அப்புறம் மொத்தச் செலவு. அதன் பிறகு வருமானம், பகுதி, பாலினம் வாரியாக யாருக்கு லாபம், யார் குடும்பம் கடனிலிருந்து தப்பும் என்ற பட்டியல். தீவிரத்துக்கோ ஏழ்மைக்கோ கூடுதல் எடை தருவதென்றால் எவ்வளவு என்பதைக் கோப்பு வருவதற்கு முன்பே முடிவு செய்து அறிவிக்க வேண்டும். மருந்தின் பெயர் தெரிந்த பிறகு எடையை நிர்ணயித்தால் அது விலைக்குப் போகும்.

இந்த வரிசையில் போனால் முதலில் சொன்ன மூன்று கோப்புகளில் பரிசோதனைத் திட்டம் பெரும்பாலான நாடுகளில் எளிதாகத் தேறும், ஆனால் பின்தங்கிய பகுதிகளுக்கான தனி முயற்சியோடு சேர்த்தே அனுமதிக்க வேண்டும். டயாலிசிஸ் வரம்பில் தோற்று, பகிர்வுப் பட்டியலில் எழுந்து நிற்கும். மலிவான முறையை முதலில் வைக்கும் நிபந்தனையோடு அதற்குச் சரி சொல்வேன். புற்றுநோய் மருந்து, விலை குறைந்தால் மட்டும். மறுப்பது கொடுமையாகத் தோன்றும். ஆனால் வரம்பு இருக்கிறது என்று நிறுவனத்துக்குத் தெரிந்தால்தான் விலை இறங்கும். வலி தணிக்கும் சிகிச்சை எல்லோருக்கும் கிடைக்கிறதா என்பதையும் அதே கூட்டத்தில் கேட்க வேண்டும்.

தரவு இல்லாத நாடு என்ன செய்வது என்பார்கள். முழுப் பகிர்வுக் கணக்குக்கு நிபுணர்களும் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பதிவுகளும் வேண்டும், உண்மைதான். ஆனால் தொடங்க இரண்டு விவரங்கள் போதும்: வருமானப் பிரிவு வாரியாக இந்தச் சேவையை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள், அதற்காகக் கையிலிருந்து எவ்வளவு கொடுக்கிறார்கள். வீட்டுக் கணக்கெடுப்புகள் பலவற்றில் இவை ஏற்கெனவே இருக்கின்றன, யாரும் சுகாதாரக் கோப்போடு சேர்த்துப் படிப்பதில்லை. செலவும் பலனும் வேறு நாட்டு ஆய்விலிருந்து எடுத்தாலும், விலையையும் நோய் விகிதத்தையும் உள்ளூருக்கு மாற்றிக்கொள்ளாமல் பயன்படுத்தக் கூடாது.

கணக்குப் போடுகிறவர்களின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதும் முறையின் ஒரு பகுதிதான். மருந்தை விற்பவரின் மாதிரிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு உட்காரும் குழு, அவர் எழுதிய விடைத்தாளை அவரையே திருத்தச் சொல்வதற்குச் சமம். தாய்லாந்து 2007-ல் தனக்கென்று ஹைடாப் என்ற ஆய்வு அமைப்பை உருவாக்கியது. எதை ஆராய வேண்டும் என்று முன்மொழிய மருத்துவர்களுக்கு மட்டுமல்ல, நோயாளிகள் குழுவுக்கும் பொதுமக்களுக்கும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் சேர்ப்பதோடு வேலை முடிவதும் இல்லை. பலன் எதிர்பார்த்தபடி வரவில்லை என்றால் எந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம், எதை வைத்து நீக்குவோம் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். ஒருமுறை உள்ளே வந்த சிகிச்சையை வெளியே எடுப்பது, புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிடப் பல மடங்கு கடினம்.